பாரம் ஏறுகிறது, மார்பு ஏறவில்லை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டரில் மர அறுவை ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தடி ஏற்றி இறக்குகிற தம்பி ஒருவர் சென்ற ஆண்டு எங்கள் ஜிம்மில் சேர்ந்தார். வயது 24, எடை 60 கிலோ. சேர்ந்த புதிதில் பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரம் மாட்டிய கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) 40 கிலோவுக்கே திணறியவர், ஏழு மாதத்தில் 75 கிலோவை எடுத்துவிட்டார். ஒரு நாள் மாலை கண்ணாடி முன்னால் பனியனை இழுத்துப் பிடித்தபடி நின்று கேட்டார். “அண்ணாச்சி, 35 கிலோ கூடியிருக்கிறது. மார்பு மட்டும் வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறதே, ஏன்?”

செங்கோட்டையில் பதினோரு ஆண்டுகளாகப் பயிற்சி கொடுக்கிறேன். தென்காசியிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், புளியரை தாண்டி ஆரியங்காவிலிருந்து வருகிறவர்களும் மலையாளம் கலந்து இதைத்தான் கேட்கிறார்கள். உழைத்தும் பலன் கண்ணுக்குத் தெரியாத வேதனை அது. அதனால் இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

கம்பியை மேலே தள்ளுவது மார்பு மட்டும் இல்லை. முன்தோளும் கையின் பின்பக்கத் தசையும் அதில் பங்காளிகள். அதோடு, தூக்குவது ஒரு வித்தை, அதை நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. இருக்கிற தசை நார்களையே கூடுதலாகவும் ஒரே சமயத்திலும் வேலைக்கு இழுக்க மூளை பழகிவிடுகிறது. மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள். பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்புகளுடையது, தசை பருப்பதன் பங்கு அதற்குப் பிறகுதான் மேலோங்குகிறது. ஆகவே, சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். செய்வதையே ஒழுங்காகச் செய்துகொண்டிருங்கள். இனி வருவது அதைத் தாண்டியும் மார்பு அசையாதவர்களுக்கு.

கோளாறு உண்மையிலேயே இருக்கிறதா?

கண்ணாடியை நம்பாதீர்கள். தினமும் பார்க்கிற உடம்பில் மாற்றம் தெரியாது. தையல்காரரிடம் இருக்கிற துணி டேப் ஒன்று வாங்குங்கள். காலையில், வெறும் வயிற்றில், கைகளைத் தொங்கவிட்டு, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், காம்பு மட்டத்தில் சுற்றி அளக்க வேண்டும். டேப் முதுகுப்பக்கம் கீழே சரியாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. மூன்று தடவை அளந்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டேப் முதுகையும் சேர்த்தே அளக்கிறது. முதுகுப் பயிற்சி நன்றாகச் செய்கிறவருக்கு மார்பு வளராமலேயே எண் கூடும். அதனால் மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில், பக்கவாட்டில் நின்று ஒரு படமும் எடுத்து வையுங்கள். இரண்டும் இரண்டு மாதமாக அசையவில்லை, கம்பியில் பாரம் மட்டும் ஏறுகிறது என்றால் கோளாறு உறுதி. கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

அறிகுறி: மார்பு செய்த மறுநாள் கையின் பின்பக்கமும் தோளும்தான் கனக்கின்றன

நான் அதிகம் பார்ப்பது இதுதான். வலித்தால்தான் தசை வளரும் என்பது உண்மை இல்லை. ஆனால் எப்போதும் ஒரே இடம் களைத்துப் போகிறது என்றால் பாரத்தை யார் சுமந்தார் என்பதற்கு அது நல்ல தடயம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது உள்ளங்கையை வலது மார்பின்மேல் விரித்து வையுங்கள். வலது கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டின் உட்பக்கத்தைக் கதவு நிலையில் வைத்து, உடம்பின் நடுக்கோட்டை நோக்கி அழுத்துங்கள். உள்ளங்கைக்கு அடியில் தசை கல்லாக இறுகுவது தெரியும். மார்புத் தசை காறையெலும்பிலும் நெஞ்செலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும் தொடங்கி, விசிறி மடங்குவது போலக் குவிந்து, மேற்கை எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மேற்கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுவருவதே அதன் தலையாய வேலை. முழங்கையை நீட்டுவதில் அதற்குப் பங்கே கிடையாது. அது முழுக்கக் கையின் பின்பக்கத் தசையின் வேலை.

இப்போது உங்கள் பெஞ்ச் பிரஸ்ஸைப் பாருங்கள். கம்பியைக் குறுகலாகப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி இறக்கினால், முழங்கை மடங்கி நிமிர்வதுதான் அதிகம் நடக்கிறது, மேற்கை குறுக்கே நகர்வது குறைந்துவிடுகிறது. நம் ஆலைத் தம்பி அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். தடியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பழகிய கை, கம்பியையும் அப்படியே பிடித்தது. அவருடைய வேலைக்கு அந்தப் பிடி சரி, மார்பு வளர்ப்பதற்கு ஆகாது.

கம்பி நெஞ்சைத் தொடும்போது முன்கை இரண்டும் தரைக்குச் செங்குத்தாக நிற்கிற அகலத்தில் பிடியுங்கள். மேற்கைக்கும் உடம்புக்கும் நடுவில் 45 முதல் 70 டிகிரி வரை இடைவெளி இருக்கட்டும். 90 டிகிரிக்கு விரித்தால் பலருக்குத் தோள் நோகும். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னுக்குச் சேர்த்து, நடுவில் ஒரு துண்டை இடுக்கியிருப்பது போல் வைத்துக்கொண்டு படுங்கள். தோள் முன்னால் சரிந்தால் முன்தோள் தசை பாரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இறக்குவதற்கு இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்காகக் கம்பியில் இரண்டு பக்கமும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், அவர் வழக்கமாகப் பிடிக்கும் இடத்திலிருந்து நான்கு விரல்கடை வெளியே. அன்றைக்கு அவரால் 60 கிலோவைத் தாண்ட முடியவில்லை. முகம் வாடிவிட்டது. ஏழு மாத உழைப்பில் பாதியை நான் பிடுங்கிக்கொண்டதுபோல் பார்த்தார். இந்த இடத்தில்தான் பலர் பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். குறைந்த அந்த 15 கிலோ மார்பு சுமந்தது கிடையாது.

கம்பியோடு டம்பெல் பிரஸ்ஸும் டம்பெல் ஃபிளை அல்லது கேபிள் ஃபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிளை என்பது விரித்த கைகளை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்ப்பது. முழங்கை சற்றே மடங்கி அப்படியே நிற்பதால் கையின் பின்பக்கத் தசைக்கு அதில் அநேகமாக வேலை இல்லை. மார்பு தனியாக மாட்டிக்கொள்ளும். தோளும் கையும் களைத்த பிறகு மார்புக்கு வராமல், அன்றைய பயிற்சியை மார்பிலேயே தொடங்குங்கள்.

அறிகுறி: எப்போதும் கனமாக, மூன்று நான்கு முறைதான் தூக்குகிறேன்

வாராவாரம் பாரம் கூட்டுவதில் ஒரு போதை இருக்கிறது. இரண்டு நண்பர்கள் சேர்ந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு திங்கள்கிழமையும் போட்டிதான். ஒரு செட்டில், அதாவது நிறுத்தாமல் தூக்கும் ஒரு சுற்றில், மூன்று முறை, மொத்தம் மூன்று செட் என்றால் வாரத்திற்கு ஒன்பது தடவைதான் மார்பு அந்தப் பாரத்தைச் சந்திக்கிறது. வித்தை கற்க அது போதும், பலமும் ஏறும். தசை பருக்கப் போதாது.

தசை நார் பருப்பதற்கு வேண்டியது, இழுவிசையைப் போதுமான நேரம், போதுமான தடவை, அது களைக்கும் எல்லைவரை தாங்குவது. ஒரு செட்டுக்கு 5 முறையிலிருந்து 30 முறை வரை எந்தக் கணக்கிலும் தசை வளரும், செட்டின் முடிவில் இன்னும் ஒன்று முதல் மூன்று முறைதான் தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்தினால் போதும். நடைமுறையில் 6 முதல் 15 வரை வைத்துக்கொள்வது வசதி. அதற்குக் கீழே மூட்டு நோகிறது, அதற்கு மேலே மூச்சு முதலில் தீர்ந்துவிடுகிறது.

வாரத்திற்கு மார்புக்கு மட்டும் 10 முதல் 20 செட் வரை தேவை. இப்போது ஆறு செட் செய்கிறவர் அடுத்த வாரமே இருபதுக்குத் தாவக் கூடாது. வாரத்திற்கு இரண்டு செட்டாகக் கூட்டி, தோளும் முழங்கையும் ஒத்துழைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள். தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: திங்கள்கிழமை பெஞ்ச் பிரஸ் 3 செட் 6 முதல் 8 முறை, சாய்வுப் பெஞ்சில் டம்பெல் 3 செட் 8 முதல் 12, ஃபிளை 2 செட் 12 முதல் 15. வியாழக்கிழமை தட்டைப் பெஞ்சில் டம்பெல் 3 செட், பார் டிப்ஸ் (இரண்டு இணைக் கம்பிகளில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றுவது) முன்னால் சாய்ந்தபடி 3 செட், ஃபிளை 2 செட். எல்லாம் சேர்ந்து 16. இந்த எண்ணிக்கைக்கு அவர் ஐந்து வாரத்தில் வந்து சேர்ந்தார்.

செட்டுகளுக்கு இடையே நன்றாக ஓய்வெடுங்கள். வியர்வை காயாமல் அடுத்த செட்டுக்குப் பாய்வதுதான் வீரம் என்று நினைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். 2016-இல் பிராட் ஷோன்ஃபெல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு நிமிட ஓய்வையும் மூன்று நிமிட ஓய்வையும் ஒப்பிட்டார்கள். மூன்று நிமிடம் எடுத்தவர்களுக்கே பலமும் தசையும் கூடுதலாக ஏறின. பெரிய பயிற்சிகளுக்கு இரண்டரை, மூன்று நிமிடம் கொடுங்கள். ஃபிளைக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

அறிகுறி: கம்பி நெஞ்சைத் தொடுவதற்கு முன்பே திரும்பிவிடுகிறது

பாரத்தைக் கூட்டும் ஆசையில் இறக்கும் தூரத்தைக் குறைத்துவிடுவது தானாகவே நடக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு விரல்கடை என்று குறையும், செய்கிறவருக்கே தெரியாது. நண்பரை விட்டுப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

மார்புத் தசை நன்றாக நீண்டு விரியும் அடிப்பகுதியில்தான் அதன்மேல் நல்ல இழுவிசை விழுகிறது. அதைத் தவறவிட்டால் மீதி இருப்பது பெரும்பாலும் முழங்கை நிமிர்வதுதான். நெஞ்சில் மோதித் துள்ளவைப்பதும், இடுப்பைத் தூக்கி முதுகை வில்லாக வளைப்பதும் இதே கணக்கில் சேரும். பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிறவர்கள் வளைப்பது தூரத்தைக் குறைத்துக் கூடுதல் பாரம் எடுக்க. அவர்கள் தேடுவது எண்ணை, நீங்கள் தேடுவது தசையை.

ஜிம் வசதி இல்லாதவர்கள் வீட்டில் தண்டால் எடுக்கும்போது ஒவ்வொரு கைக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்து, நெஞ்சை அவற்றுக்கு நடுவில் இறக்குங்கள். தரையில் ஐம்பது எடுக்கிறவர் இதில் இருபதில் நின்றுவிடுவார்.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்கிறேன், எடை பார்க்கும் மெஷினில் முள் அசையவில்லை

அப்படியென்றால் கோளாறு பெஞ்சில் இல்லை, தட்டில் இருக்கிறது. 60 கிலோ ஆள் ஏழு மாதம் கழித்தும் 60 கிலோவாகவே இருந்தால், தசை கட்ட உடம்புக்குச் சரக்கு வரவில்லை என்று பொருள்.

எங்கள் பகுதிச் சாப்பாட்டை வைத்தே கணக்குப் போடுகிறேன். தம்பியிடம் ஒரு நாள் தின்றதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். காலையில் ஐந்து இட்லி, சாம்பார். மதியம் சோறு, குழம்பு, பொரியல். மாலையில் டீ, இரண்டு பழபஜ்ஜி. ராத்திரி பார்டரில் நான்கு பரோட்டா, சால்னா. கறி வாரத்துக்கு ஒரு நாள். இட்லிக்கு ஏறத்தாழ 2 கிராம், பரோட்டாவுக்கு நான்கைந்து கிராம் என்று போட்டுக் கூட்டினால் மொத்தப் புரதம் 50 கிராம் அளவில் நின்றது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சாதாரண மனிதருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோவுக்கு அது 50 கிராம். ஆக, தம்பி பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பாரம் தூக்கித் தசை கட்டுகிறவரின் தேவை வேறு. 49 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஓர் அலசல், கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசை கூடுவதையும், அதற்கு மேல் பெரிய பலன் இல்லாததையும் காட்டியது. தம்பிக்கு அது 96 கிராம். ஏறத்தாழ பாதிதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பார்டர் பரோட்டாவை நிறுத்தச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் சீமையோடு இருந்தது, பிரானூரில்தான் எல்லை. எல்லை மேற்கே போய்விட்டது, பார்டர் என்ற பெயர் அங்கேயே தங்கிவிட்டது. இரவுச் சாப்பாடு என்றாலே இங்குள்ளவர்களுக்கு அந்தப் பரோட்டா நினைப்புதான் வரும். நான்கு பரோட்டாவை மூன்றாக்கி, சால்னாவுக்குப் பதில் கோழியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

வீட்டில் சேர்க்க வேண்டியவை: மூன்று முட்டை, 18 கிராம். அரை லிட்டர் பால், 16 கிராம். ஊறவைப்பதற்கு முன் உலர்ந்த எடையில் 50 கிராம் கொண்டைக்கடலை, ஊறவைத்துப் புட்டுக்குத் தொட்டுக்கொண்டால் 10 கிராம். ஒரு கைப்பிடி என்று பார்க்காமல் நிறுத்து 50 கிராம் வேர்க்கடலை, 12 கிராம். இதிலேயே 56 வந்துவிட்டது. முட்டை தொடாதவர்கள் 50 கிராம் சோயா உருண்டை வாங்கிக்கொள்ளட்டும், 25 கிராமுக்குக் குறையாது. புரதப் பவுடர் கெடுதல் இல்லை, கட்டாயமும் இல்லை. சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மலைக்கு அந்தப்பக்கத்துப் பையன்களிடம் ஒன்று கவனித்தேன். கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் தின்கிறோம், அதனால் சத்துக்குக் குறைவில்லை என்பார்கள். தட்டில் கப்பை மலையாக இருக்கும், சாளை மீன் இரண்டுதான் இருக்கும். மரவள்ளிக் கிழங்கில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் புரதம்கூடத் தேறாது. சாளையில் 20 கிராம் இருக்கிறது. விலை மலிந்த நாளில் மீனைக் கூட்டிக் கிழங்கைக் குறைத்தால் அந்தச் சாப்பாட்டுக்கு இணை கிடையாது.

எடை மாதத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஏறட்டும். மார்புக்கு முன்னால் வயிறு ஏறுகிறது என்றால் சோற்றிலும் எண்ணெயிலும் கொஞ்சம் குறையுங்கள், புரதத்தில் கை வைக்காதீர்கள்.

அறிகுறி: கீழே மட்டும் தெரிகிறது, காறையெலும்புக்கு அடியில் தட்டை

பெஞ்சை 30 டிகிரி சாய்த்து வாரத்தில் நான்கைந்து செட்டை அதில் செய்யுங்கள். அதற்கு மேல் நிமிர்த்தினால் தோளுக்குப் போய்விடும். இரண்டு மார்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் எந்தப் பயிற்சியாலும் மூட முடியாது. தசை நெஞ்செலும்பில் எங்கே பிடித்திருக்கிறது என்பது பிறவியில் அமைந்தது. அதற்காக ஏங்கி ஒருவரும் மனம் நோக வேண்டாம்.

அறிகுறி: ராத்திரி வேலை, பகலில் ஜிம், எப்போதும் அசதி

காய்கறி லாரி ஓட்டுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் இதைச் சொல்வார்கள். ஏழு மணி நேரத் தூக்கம் ஒரே தொடராகக் கிடைக்காவிட்டால் இரண்டு பகுதியாகவாவது தேடிக்கொள்ளுங்கள். லோடு அதிகம் ஏற்றிய நாளில் மார்புப் பயிற்சி வைக்காதீர்கள். தோளும் கையும் ஏற்கெனவே செத்திருக்கும், முதல் அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள்.

நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியவை

தோளின் முன்பக்கத்தில் குத்துகிற வலி, பாரம் தூக்கும்போது மார்பிலோ அக்குளருகிலோ ஏதோ கிழிந்த மாதிரி உணர்ந்து பிறகு கன்றிப்போவது, நெஞ்சை இறுக்கும் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பயிற்சி முடிந்தது. காம்புக்கு அடியில் கெட்டியாக, தொட்டால் நோகும் கட்டி இருந்தால் அது தசை இல்லை. பதின்வயதுப் பையன்களுக்கு இது பரவலாக வருகிறது, வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீக்கிரம் மார்பு வரும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோனை அடக்கிவிடும், விரை சுருங்கும், இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கேடு. அதே காம்புக் கட்டியும் அதனாலேயே வரலாம். என்னிடம் வந்த ஒரு பையன் இப்படி ஓராண்டை இழந்தான். அவன் அப்பா என் எதிரில் உட்கார்ந்திருந்த அந்த மாலையை நான் மறக்கவில்லை.

திருத்தியதைச் சரிபார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மாற்றுங்கள். எட்டு வாரம் கழித்து அதே டேப், அதே வெறும் வயிறு, அதே இடத்தில் படம். நோட்டில் பாரத்தோடு எத்தனை முறை தூக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 60 கிலோவை 8 முறை எடுத்தவர் 11 முறை எடுத்தால் அதுவும் ஏற்றம்தான், அங்கே கம்பியில் பிளேட் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தம்பி பிடியையும் சாப்பாட்டையும் முதலில் மாற்றினார், செட்டுகளைப் பிறகு கூட்டினார். முதல் எட்டு வாரத்தில் டேப்பில் ஒரு சென்டிமீட்டர்தான். ஐந்தாம் மாதம் 86 இருந்த இடத்தில் 89 வந்தது, எடை 63 கிலோ. பக்கவாட்டுப் படங்கள் இரண்டையும் செல்போனில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெஞ்சில் இப்போது 70 கிலோ, சிவப்பு டேப்புக்கு வெளியே பிடித்து, நெஞ்சைத் தொட்டு, ஆறு முறை.